ஏழு வார்டுக்கு ஏழு பாலம்

மூங்கில்காட்டு ஓடைக்கு இந்தக் கரையில் வேலம்மா என்ற முள்ளம்பன்றி நான்கு குட்டிகளோடு இருந்தது. கிழங்கெல்லாம் அந்தக் கரையில். ஓடை வற்றிக் கிடக்கும்வரை கவலையில்லை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போச்சு! போன வருடம் பதினெட்டு நாள் குட்டிகளுக்கு வேப்பம்பட்டையைச் சுரண்டிக் கொடுத்தது. அந்தக் கசந்த முகங்களை நினைத்தால் இப்போதும் அதற்கு அழுகை வரும்.

"பாலம் கட்டுங்க தலைவரே!" என்று காட்டு மன்றத்துக்கு நடையாய் நடந்தது.

தலைவர் ஓணான். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடும். அதனால்தான் அது தலைவர்! இதற்கும் ஆட்டியது. வரியாக ஆளுக்கொரு மூங்கில் வாங்கினார்கள். வேலம்மா இரண்டு கொடுத்தது. ஓடையில் எந்த வெள்ளத்துக்கும் மூழ்காத ஆறு பாறைகள் வரிசையாக நின்றன. பாறைக்குப் பாறை ஒரு மூங்கில் தட்டி வைத்தால், ஏழே தட்டியில் பாலம்! தூக்கணாங்குருவிகள் ஏழையும் பின்னி முடித்தன.

அப்போதுதான் மயில் உறுப்பினர் எழுந்தது. "மூங்கில் மட்டும் எல்லா வார்டுலயும் வாங்குனீங்க. பாலம் ஒரே வார்டுக்கா? என் வார்டுக்கு என்ன செஞ்சீங்க?"

"என் வார்டுக்கு?" என்றது எருமை.

"நாங்க என்ன இளிச்சவாயங்களா?" என்றது குரங்கு.

ஓணானுக்கு வருடத்துக்கு ஒரு யோசனை வரும். அன்றைக்கு வந்து தொலைத்தது. "வார்டு ஏழு! தட்டியும் ஏழு! வார்டுக்கு ஒரு பாலம்!"

கைதட்டலில் மரமே ஆடியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"அடப் பாவிகளா! தண்ணி இல்லாத இடத்துல பாலம் எதுக்கு?" என்று கத்தியது வேலம்மா.

"பொறாமைப்படாதீங்கம்மா, உங்க வார்டுக்கும் ஒண்ணு உண்டு!" என்றது மயில்.

ஏழு நாள், ஏழு திறப்பு விழா. மயில் தன் தட்டியைக் கட்டாந்தரையில் போட்டு, ஏறி, இறங்கி, ஆடியும் காட்டியது. எருமை தன் வீட்டு வாசலில் போட்டுத் தினமும் மூன்று தடவை தடுக்கி விழுந்தது. "எங்க பாலம்!" என்று பெருமை வேறு! குரங்கு மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு "மேம்பாலம்" என்று பெயர் வைத்தது.

வேலம்மாவின் பாலம் முதல் பாறையோடு நின்றது. குட்டிகளோடு அதில் ஏறி நின்று பார்த்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "மறுபடியும் வேப்பம்பட்டையாம்மா?" என்றது கடைக்குட்டி. வேலம்மாவுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. நேராக மன்றத்துக்கு ஓடியது.

"ஏழு பாலத்துல எது உறுதின்னு ஊரே பேசுது! மயில் பாலம் தொட்டாலே உடைஞ்சிடுமாமே?"

"எவன் சொன்னான்?" என்று குதித்தது மயில்.

"தரையில கிடந்தா எதுதான் உடையும்? பாறை மேல வைங்க. நானே நடந்து பார்க்கிறேன். ஜெயிச்ச வார்டுக்கு மாலை!"

ஓணான் தலையாட்டியது. மறுநாள் காலை இடித்துத் தள்ளிக்கொண்டு எல்லோரும் தட்டிகளை இழுத்து வந்தார்கள். பாறைக்குப் பாறை வைத்தார்கள். வேலம்மா ஒவ்வொன்றின் மேலும் நின்று குதித்தது. பின்னாலேயே நான்கு குட்டிகளும் குதித்தன. ஏழாவது தட்டி முடிந்தது. அந்தக் கரை வந்துவிட்டது!

"மாலை யாருக்கு? யாருக்கு?" என்று இந்தக் கரையில் ஒரே கூச்சல்.

"அவசரப்பட்டா எப்படி? மழையில நனைஞ்சு, வெயில்ல காஞ்சாத்தானே உறுதி தெரியும்! முடிவு தை மாசம். அதுக்குள்ள தட்டியை எடுக்கிற வார்டு தோத்த வார்டு!" என்று அந்தக் கரையிலிருந்து கத்தியது வேலம்மா.

ஓணான் தலையாட்டியது. அதன் மூக்கில் முதல் மழைத்துளி விழுந்தது. அதற்குள் கடைக்குட்டியின் வாயில் கிழங்கு.

தை வந்தது. "இன்னும் ஒரு மழை பார்த்திடலாமே!" என்றது வேலம்மா. அந்தப் போட்டிக்கு இன்றுவரை முடிவு சொல்லவில்லை.

ஊருக்கே தேவையான ஒன்றை ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டால், பங்கு கிடைக்கும், காரியம் நடக்காது.