இன்பன்டாவின் புல்

"புல் சரியில்லை டீச்சர்," என்றார் குலசேகரன்.

அவர் டீச்சர் என்று அழைத்த இன்பன்டாவுக்கு இருபத்தாறு வயது. அவருக்கு நாற்பத்தொன்பது.

தூத்துக்குடியில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலை. கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். மடியில் லேப்டாப்.

அவர் கேட்க வந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. ஆஸ்மிர் என்று பெயர். வெளிவந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆடுகிறவர் ஒரு வழிப்போக்கனாக மாறி, ஆஸ்மிர் என்கிற நாட்டில் இஷ்டம்போல அலையலாம். ஊர் உண்டு, காடு உண்டு, சண்டை உண்டு. ஆனால் எல்லாம் அந்தக் காலத்துப் படம். மரங்கள் அட்டையில் வெட்டி நட்டதுபோல நிற்கும்.

அதனால் ரசிகர்களே புது மரம், புது நீர், புது வானம் செய்து எல்லோருக்கும் சும்மா கொடுக்கிறார்கள். அதற்கு மாட் என்று பெயர். விளையாட்டோடு சேர்த்துக்கொண்டால் பழைய நாடு புதிதாகத் தெரியும்.

ஆஸ்மிருக்கு மாட் செய்வதில் இன்பன்டாவை மிஞ்ச ஆள் இல்லை. அவளுடைய புல் பிரசித்தம். கடற்கரையில் மணலைப் பிடித்துக்கொண்டு நிற்குமே ராவணன் மீசை என்கிற புல், அது காற்றில் எப்படிச் சாய்கிறது என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து, இரண்டு வருஷத்தில் செய்தது.

"எந்தப் புல் அண்ணாச்சி?"

"உங்க புல்தான். அதுல ஒரு குறையும் இல்லை. ஆனா நான் போட்டிருக்க வானத்துக்கு அந்தப் பச்சை ஒட்டலை. வானத்தை மாத்தவா, புல்லை மாத்தவா?"

"நடந்து காட்டுங்க."

அவர் ஆடிக் காட்டினார். திரையில் வழிப்போக்கன் கோட்டை வாசலைத் தாண்டினான். நாலு எட்டு வைத்தான், நின்றான், தரையைக் குனிந்து பார்த்தான். மறுபடி நாலு எட்டு. மறுபடி நின்றான்.

புதரிலிருந்து ஓநாய் ஒன்று பாய்ந்தது. வழிப்போக்கன் செத்து விழுந்தான்.

"ஓநாய் வந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுது. ரோமம் எப்படி வந்திருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

இன்பன்டா சிரிக்கவில்லை.

"மொத்தம் எத்தனை மாட் போட்டிருக்கீங்க?"

"இருநூத்திப் பதினெட்டு."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் ஒண்ணும் சேக்காதீங்க. ஒண்ணும் எடுக்காதீங்க. சும்மா ஆடுங்க."

"புல்லுக்குப் பதில் சொல்லலையே?"

"ஆடிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு அவர் வந்தார்.

"ஆடினீங்களா?"

"ஆடத்தான் உக்காந்தேன் டீச்சர். கோட்டைச் சுவத்துல கல்லு மொழுமொழுன்னு இருந்துச்சு. மனசு கேக்கலை. மூணு விதமான கல்லு இறக்கிப் பாத்தேன். கல்லு மாறினதும் பாசி பொருந்தலை."

"இப்ப எத்தனை?"

"இருநூத்தி முப்பத்தொண்ணு."

இன்பன்டா கை நீட்டி அவருடைய லேப்டாப்பை மூடினாள்.

"அண்ணாச்சி, யாருக்காக இவ்வளவும்?"

குலசேகரன் மூடிய லேப்டாப்பை மடியில் நேராக வைத்தார்.

"எம் பொண்டாட்டிக்கு."

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"வடிவுன்னு பேரு. கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் சேந்து ஆடுவோம். அவதான் நடப்பா. நான் பக்கத்துல உக்காந்து, அங்க பாரு, இங்க பாருன்னு சத்தம் போடுவேன். பாதி நாடுகூட முடியலை. அதுக்குள்ள வேலை, வீடு, பிள்ளை படிப்பு."

"இப்ப?"

"கண்ணு போயிட்டிருக்கு டீச்சர். ரெட்டினாவுல ஏதோ. ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டே வருதாம். நடுவுல மட்டும் தெரியும், குழாய் வழியா பாக்குத மாதிரி. வைத்தியம் இல்லைன்னுட்டாங்க. முழுசா மூடுறதுக்குள்ள அந்த நாட்டை ஒரு தடவை நல்லபடியா அவளுக்குக் காட்டணும். இந்தக் காலத்துப் படம் மாதிரி. அதுக்குத்தான்."

"அக்கா பாத்தாங்களா?"

"இன்னும் முடியலையே. முடிச்சுட்டுத்தான் காட்டணும்னு இருக்கேன்."

"எத்தனை மாசமா செய்யுதீங்க?"

"பதினோரு மாசம்."

"பதினோரு மாசத்துக்கு முன்னாடி அக்காவுக்கு எவ்வளவு தெரிஞ்சுது?"

குலசேகரன் தலை குனிந்தார். கீழே தெருவில் மீன்காரர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். அந்தச் சத்தம் முனை திரும்பி மறையும்வரை அவர் தலையைத் தூக்கவில்லை.

"நாளைக்குக் காலையில நான் கோவில்பட்டி வாரேன்," என்றாள் இன்பன்டா.

"நாளைக்கா? இன்னும் நிழல் முடிக்கலை. தண்ணி..."

"அக்காட்ட சொல்லி வையுங்க."

திங்கட்கிழமை குலசேகரன் தான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக்குக்கு லீவு சொன்னார்.

வீட்டு முன்னறையில் ஒரு பெரிய திரை வாங்கி மாட்டியிருந்தார். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு, வடிவைக் கைபிடித்து உட்காரவைத்தார்.

"தயாரா?"

"இது என்ன பொண்ணு பாக்குத மாதிரி," என்றாள் வடிவு. ஆனால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆஸ்மிர் திரையில் விரிந்தது. மலைமேல் வெயில். மேகம் நகர, அதன் நிழல் சரிவில் இறங்கியது. ஆற்றின் மேல் பனி. இடுப்புயரப் புல், ஆயிரம் ஆயிரமாய், ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து எழுந்தது.

இன்பன்டாவே திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள். இவ்வளவு அழகாக யாரும் செய்து அவள் பார்த்ததில்லை.

குலசேகரன் திரையைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவு தலையை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பினாள். மேலே. கீழே. மறுபடி இடது பக்கம்.

"எங்கே இருக்கேன்?" என்றாள்.

"கோட்டை வாசல்ல வடிவு. இந்தா, இதுதான் வாசல்."

"எது?"

அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். அவள் அவருடைய விரலைத் தேடினாள். கண்டுபிடிப்பதற்குள் அவர் கையை எடுத்துவிட்டிருந்தார்.

"என்னமோ ஆடுது. பச்சையா. எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணாக் கிடக்கு. எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலைங்க." பிறகு அவசரமாக, "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் குலசேகரன் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

இன்பன்டா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எது ரொம்ப இடைஞ்சலா இருக்கு?"

"அந்த ஆடுறது."

இன்பன்டா புல்லை எடுத்தாள்.

ஒரு தட்டு. அவ்வளவுதான். மலையடி வரைக்கும் மொட்டைத் தரை.

"டீச்சர்," என்றார் குலசேகரன். "அது நீங்க..."

"அடுத்தது சொல்லுங்க அக்கா."

"புகை மாதிரி ஒண்ணு."

பனி போயிற்று.

"அங்கங்க கறுப்பாக் கிடக்கே, அது குழியா?"

"நிழல்."

"குழின்னு நெனச்சேன்."

நிழல் போயிற்று. மேகம் போயிற்று. கல்லின் பாசியும், மரத்தின் பாதி இலையும் போயின. ஒவ்வொன்று போகும்போதும் குலசேகரன் சுவரோரத்தில் அசைந்தார். தண்ணீரிடம் வந்தபோது அவராகவே சொன்னார்.

"அதையும் எடுத்துருங்க டீச்சர். மினுங்கும். அவளுக்குக் கூசும்."

ஆறு ஒரு நீலப் பட்டையாக ஆனது.

அதன்பின் இன்பன்டா படத்தையே சுருக்கினாள். பாதிச் சுவருக்கு இருந்த நாடு தபால் அட்டை அளவுக்கு வந்து திரையின் நடுவில் நின்றது. சுற்றிலும் கறுப்பு.

"ஐயோ," என்றார் குலசேகரன்.

வடிவு முன்னால் சாய்ந்தாள்.

இன்பன்டா அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலை செய்தாள். அதற்குள் வடிவு இரண்டு முறை காபி போட்டாள். சுவரைத் தடவியபடி சமையலறைக்குப் போய், தடவியபடி திரும்பிவந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. குலசேகரன் அதை இன்றுதான் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தபோது ஆஸ்மிரின் பாதைகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக இருந்தன. தரை கரும்பழுப்பு. வீடுகளுக்கு மஞ்சள் விளிம்பு. ஓநாய்கள் அப்பட்டமான சிவப்பு.

"குழந்தை வரைஞ்ச மாதிரி இருக்கு," என்றார் குலசேகரன் மெதுவாக.

"ஆமா," என்றாள் இன்பன்டா.

அவள் கீபோர்டைத் தூக்கி வடிவின் மடியில் வைத்தாள். விரல்களை எடுத்து உரிய பொத்தான்கள்மேல் பொருத்தினாள். அதற்கு அவசியம் இருக்கவில்லை. இருபது வருஷத்துக்குப் பிறகும் விரல்களுக்கு இடம் தெரிந்திருந்தது.

வழிப்போக்கன் நடந்தான். வாசலைத் தாண்டினான். வெள்ளைப் பாதையில் நேராகப் போனான். இடது பக்கம் சிவப்பாக ஒன்று எழுந்தது.

"இருடா," என்றாள் வடிவு.

மூன்று வெட்டு. ஓநாய் விழுந்தது.

அவள் நிற்கவில்லை. நீலப் பட்டையின் மேல் பாலம் வந்தது, கடந்தாள். பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று காட்டுக்குள் இறங்கியது. மற்றது மேட்டில் ஏறி, அப்பால் வளைந்து மறைந்தது.

இன்பன்டா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

"என்னங்க," என்றாள் வடிவு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அந்த மேட்டின் கற்களை அவர் நான்கு முறை மாற்றியிருந்தார்.

"தெரியலை வடிவு," என்றார் குலசேகரன்.

"நாற்காலியை இழுத்துப் போடுங்க."