காப்புக் கட்டிய கை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குக் கோபம் வந்தால் ஊரே வாயை மூடிக்கொள்ளும் ஒரு தேசத்தில், சொக்கேந்திரன் என்றொரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரே மகள், முத்தழகி, ஆறு வயது. குழந்தையின் முன்பற்கள் நாலும் கறுத்துக் கரைந்துபோய்விட்டன. முறுக்கைக் கண்டால் அழுவாள். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஆறு வயதுப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் பெற்ற மனசு தாங்குமா ஐயா?

ராஜா கொதித்துப் போனார். "என் மகளின் பல்லைத் தின்ற திருடனைக் கட்டி என் முன் நிறுத்துங்கள்!" என்றார்.

பிரதானி திருமேனி உடனே வளர்ப்புத் தாதி செல்லாத்தாளைக் கைகாட்டினார். "பல் விளக்கிவிட வேண்டியவள் இவள்தான், பிரபு. நாடு கடத்த உத்தரவிடுங்கள்." தினமும் வேப்பங்குச்சியும் உப்புமாகக் குழந்தையோடு மல்லுக்கட்டியவள் அவள்.

அப்போது அரண்மனை விகடன் பரமாண்டி எழுந்தான். "இவள் இல்லை, மகாராஜா. திருடன் யாரென்று அடியேனுக்குத் தெரியும்."

பிரதானிக்கு வாயெல்லாம் பல். இந்த விகடன் ராஜாவுக்குச் செல்லப்பிள்ளையாக இருப்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல். "அப்படியானால் சபை கலையுமுன் கட்டிக் காட்டட்டும், பிரபு. தவறினால் தாதியோடு இவனும் எல்லை தாண்டட்டும்."

ராஜாவும் சம்மதித்தார்.

பரமாண்டி ஒரு மஞ்சள் கயிற்றோடு சிம்மாசனத்தை நெருங்கினான். "பெரிய காரியம் தொடங்குமுன் காப்புக் கட்டுவது வழக்கமல்லவா? வலது கையை நீட்டியருள வேண்டும்." ராஜா நீட்டினார். அவன் மூன்று சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"கட்டியாயிற்று, மகாராஜா. திருடன் இந்தக் கைதான்."

"ராஜதுரோகம்!" என்று குதித்தார் பிரதானி.

"சாட்சி உண்டு, ஐயா. அதோ பாருங்கள்."

சிம்மாசனத்தின் காலில் ஒரு எறும்புச் சாரை ஏறி, ராஜாவின் இடுப்பில் தொங்கிய பட்டுப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. பை நிறையக் கற்கண்டு. ராணி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா எங்கே என்று குழந்தை கேட்கும்போதெல்லாம் அந்தக் கை பைக்குள் போகும். ஒரு கற்கண்டு அவள் வாய்க்குப் போகும், கேள்வி நின்றுவிடும். ஒரு நாளைக்கு இருபது தடவை! சபையில் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை.

"அடியேனும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றான் பரமாண்டி. "கற்கண்டு காய்க்கிற கை என்று பாட்டுக் கட்டிச் சிரிக்க வைத்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் ரெண்டு பல்லாவது மிஞ்சியிருக்கும்."

ராஜா கட்டுண்ட கையைப் பார்த்தார். "திருடனே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தேனடா!" என்று உரக்கச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் கொட்டியது. "பொறுத்துக்கொள், தாயே," என்று தாதியைக் கும்பிட்டார். சபையிலிருந்த அரண்மனை வைத்தியருக்கும் அப்போதுதான் துணிச்சல் வந்தது. "விழுந்து முளைக்கிற பற்கள்தான், பிரபு. இனியாவது இனிப்பைக் குறையுங்கள்," என்றார். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பரமாண்டிக்குப் போட்டார். அவன் அந்தப் பட்டுப் பையையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்நேரம் பார்த்துக் குழந்தை ஓடி வந்து மடியில் ஏறினாள். "அப்பா, அம்மா எப்ப வருவாங்க?"

பழக்கதோஷம், கை இடுப்புக்குப் போயிற்று. பை இல்லை.

"வரமாட்டாங்கம்மா," என்றார் ராஜா. "இனிமே வரவே மாட்டாங்க."

குழந்தை அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு, வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல், ஓவென்று அழுதாள்.