கறுத்த வெற்றிலைக்கு யார் பதில்

ஆற்றில் தண்ணீரும் ஆட்களுக்குக் கோபமும் வற்றாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்திலே, ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு வெற்றிலைக்காரி இருந்தாள். பெயர் வடிவாச்சி.

அவளுக்குச் சொந்தம் என்று மூன்று இருந்தன. ஆற்றோரம் ஒரு கொடிக்கால். கூத்தன் என்று ஒரு தம்பி. பொசுக்கென்று மூக்கு நுனிக்கு வந்துவிடும் ஒரு கோபம்.

கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தியைப் பற்றிக்கொண்டு கொடி மேலே ஏறும். கீழே எப்போதும் ஈரம். உள்ளே நுழைந்தால் சித்திரை வெயிலும் மார்கழிபோல இருக்கும். அங்கே கிள்ளிய இலையை வாழைச் சருகில் கட்டி, கூடையில் அடுக்கி, கூத்தனும் அவன் ஆட்களும் தலையில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள். நிழல் கண்ட இடத்தில் இறக்கித் தண்ணீர் தெளிப்பார்கள். கட்டைப் புரட்டி வைப்பார்கள். இல்லையென்றால் இலை உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேளுங்கள், கதை முழுக்க இதில்தான் நிற்கிறது. கொண்டுபோனவன் வாங்குகிற வீட்டு வாசலில் நின்று, அவர்கள் கண்முன்னே கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு இலையை உருவி, பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்துத் தன் வாயில் போட்டு மெல்லுவான். அவன் வாய் சிவந்த பிறகுதான் கட்டு கைமாறும். இலை கெட்டிருந்தால் கெட்டதை முதலில் தின்பவன் அவன். திட்டு விழுந்தால் அதை அங்கேயே வாங்கிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் வடிவாச்சியிடம் கொண்டுவந்து கொட்டுவான்.

வியாபாரம் வளர்ந்தது. மூன்று ஊர் முப்பது ஊர் ஆனது. தலைச்சுமைக்காரர்களின் கால் தேய்ந்தது. ஒரு கல்யாண வீட்டுக்குக் கூடை போய்ச் சேரவில்லை. ஒரு கோயிலுக்குப் பாதிதான் போனது. ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியது பக்கத்து ஊர்ச் சாவு வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வளைகாப்புக்காரி நேரில் வந்து திட்டிய திட்டில் கொடிக்காலே வாடியது என்பார்கள்.

அப்போதுதான் சாத்தப்பன் வந்தான். மாட்டு வண்டிகளுக்கெல்லாம் தலைவன். நெய் தடவிய பேச்சு. "ஆச்சி, நீங்க கொடியைப் பாருங்க. வழியை நான் பார்த்துக்கிறேன். உங்க கூடையை வாசல்ல வச்சாப் போதும், முப்பது ஊருக்கும் போய்ச் சேரும்" என்றான்.

வடிவாச்சிக்கு மூச்சு வந்தது. ஆனாலும் இலை மெல்லும் வழக்கத்தைப் பற்றிக் கேட்டாள். சாத்தப்பன் சிரித்தான். தன் வண்டிக்காரர்கள் உப்பு இறக்குகிறார்கள், கருவாடு இறக்குகிறார்கள், அதையெல்லாம் தின்றுகாட்டிவிட்டா இறக்குகிறார்கள் என்று கேட்டான். சுமையை ஏற்றுவது, சுமையை இறக்குவது, அவ்வளவுதான் தன் பேச்சு என்றான்.

கூத்தன் குதித்தான். வழியில் தண்ணீர் தெளிப்பது யார், கட்டைப் புரட்டுவது யார், திட்டு வாங்குவது யார் என்று கேட்டான். அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. சாவு வீட்டுக்கு வளைகாப்பு வெற்றிலை கொண்டுபோன கை உன் கைதானே என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டாள்.

"கூடையைக் கீழ வைடா. இனிமே நீ சுமக்க வேண்டாம்."

கூத்தன் கூடையைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு கொடிக்கு நீர் மட்டும் பாய்ச்சினான்.

வண்டிகள் வந்தன. கூடைகள் போயின. வடிவாச்சி ஒன்றைக் கவனித்தாள். முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் தம்பியின் ஆட்கள் வாய் நிறையச் செய்தி கொண்டுவருவார்கள். காம்பு நீளம் என்று ஒருத்தி சொன்னாள், காரம் போதாது என்று ஒருவர் சொன்னார் என்று ஏதாவது ஒரு வசவு இருக்கும். இப்போது எதுவுமே இல்லை. எல்லோருக்கும் திருப்தி என்று அவள் நினைத்துக்கொண்டாள். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள்.

வசவு வராமல் போகவில்லை. அதைச் சுமந்துவர ஆள்தான் இல்லை.

முதலில் ஒரு கல்யாண வீடு. வண்டி நிறையாமல் கிளம்பக் கூடாது என்பது சாத்தப்பன் சட்டம். அதனால் மணமக்கள் ஊர்வலம் முடிந்து பந்தலையும் பிரித்த பிறகு வெற்றிலை வந்தது. அவர்கள் வண்டிக்காரனைத் திட்டினார்கள். அவன் மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்து ஒரு கோயில். கருவாட்டு மூட்டைக்கு அடியில் கூடை வந்திருந்தது. பூசாரி இலையைத் தட்டில் எடுத்து வைத்தார், முகர்ந்தார், தட்டோடு ஆற்றில் விட்டார். அந்தச் செய்தியும் அவளிடம் வரவில்லை.

மூன்றாவதுதான் பெரியது.

ஆனைக்குழி என்று ஒரு ஊர், புளியந்துறை என்று ஒரு ஊர். இரண்டுக்கும் நடுவே ஒரு ஏரி, அதற்கு ஒரே மதகு. அந்த மதகுத் தண்ணீருக்காகத் தலைமுறையாய் அடித்துக்கொண்டவர்கள். போன கோடையில் ஊருக்கு ஒரு ஆள் செத்தான். அதற்குப் பிறகுதான் போதும் என்று தோன்றியது. இனி முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது, அதற்கு ஏரிக்கரையில் எல்லோர் முன்பாகவும் வெற்றிலை மாற்றிக்கொள்வது என்று முடிவானது. வெற்றிலை மாற்றினால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். ஆனைக்குழித் தலைவர் வேலப்பர், வாக்குக்கு வடிவாச்சி இலைதான் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த நாளும் வந்தது. வேலப்பர் கட்டோடு தாம்பாளத்தை நீட்டினார். புளியந்துறைத் தலைவர் சருகைப் பிரித்தார். உள்ளே இலை கறுத்து, கூழாகி, விரலில் ஒட்டியது.

"இதுதான் உங்க வாக்கா?" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். பின்னால் தடிகள் நிமிர்ந்தன.

வேலப்பர் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். தான் வாங்கியது நல்ல கொடிக்கால் இலை, அந்த வெற்றிலைக்காரியையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார். பொழுது சாய்வதற்குள் இந்த இலைக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மதகை உடைப்போம் என்றது புளியந்துறை.

ஆள் பறந்தது. வடிவாச்சி வந்தாள். சாத்தப்பன் வந்தான். வண்டி ஓட்டிய காரி வந்தான். கூடையை ஆற்றுக்கு இக்கரை கொண்டுவந்த ஓடக்காரனும் வந்தான். இலையைப் பார்த்ததும் வடிவாச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பெயரை இப்படிக் கூழாக்கியவன் எவன், அவனை இந்த ஏரியிலேயே முக்குகிறேன் என்று நின்றாள்.

காரியைக் கேட்டார்கள். ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். துறையில் ஓடம் காக்க வைத்துவிட்டது என்றான்.

ஓடக்காரனைக் கேட்டார்கள். சாத்தப்பனின் உப்பு மூட்டை வந்து சேராமல் ஓடத்தை எடுக்கக் கூடாது என்று உத்தரவு, அதற்குள் அடித்த வெயிலை நானா கூட்டிவந்தேன் என்றான்.

சாத்தப்பனைக் கேட்டார்கள். அவன் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டான். "எனக்குச் சுமைதான் பேச்சு. கூடைக்குள்ள என்ன இருந்துச்சோ, எப்படி இருந்துச்சோ, எனக்கென்ன தெரியும்? திறந்து பார்க்கணும்னு பேச்சில்லை. ஆச்சியே ஒத்துக்கிட்டாங்க."

வடிவாச்சி அவன் பக்கம் பாய்ந்தாள். "என் கொடிக்கால் வாசலைத் தாண்டும்போது இலை பச்சையாத்தான் இருந்துச்சு" என்றாள்.

கூட்டத்தில் ஒருத்தி முன்னால் வந்தாள். போன கோடையில் மதகடியில் செத்த புளியந்துறைக்காரனின் பெண்டாட்டி.

"எம் புருஷனும் வாசலைத் தாண்டும்போது உசுரோடதான் இருந்தான்" என்றாள்.

வடிவாச்சி காரியைப் பார்த்தாள், ஓடக்காரனைப் பார்த்தாள், சாத்தப்பனைப் பார்த்தாள். மூன்று பேரும் சொன்னதைத்தான் நாலாவதாகத் தானும் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் வெளியே பாய்ந்துகொண்டிருந்த கோபம் சட்டென்று திரும்பி அவள் மேலேயே ஏறியது. தம்பியைக் கூடையை வைக்கச் சொன்ன அந்த நாள் கண்ணில் வந்து நின்றது.

அவள் தாம்பாளத்தை வாங்கினாள். கறுத்த கூழின் நடுவிலிருந்து ஒரு இலையை உருவினாள். எல்லோரும் பார்க்க வாயில் போட்டாள். குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் முட்டியது. துப்பவில்லை. மென்றாள், விழுங்கினாள்.

"கட்டு என்னுது" என்றாள். "கெடுத்தது நான். ஆனைக்குழிக்காரங்க வாக்குல அழுகல் இல்லை. நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள என் தலையிலேயே வச்சு நல்ல இலை கொண்டாறேன். அதுவரைக்கும் தடியைக் கீழ போடுங்க. நான் வரலைன்னா மதகை உடைக்காதீங்க, என் கொடிக்காலை வெட்டுங்க."

புளியந்துறைத் தலைவர் புருஷனைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். தடிகள் இறங்கின.

வீட்டுக்கு வந்த வடிவாச்சி நேராகத் தம்பியிடம் போனாள். "கூடையை எடுடா" என்றாள்.

"எடுக்கிறேன். ஆனா வழி முழுக்கத் திட்டுவேன்" என்றான் கூத்தன்.

"திட்டிக்கிட்டே எடு."

விடிந்ததும் இலை கிள்ளினார்கள். அவன் திட்டினான், அவள் தண்ணீர் தெளித்தாள். அவன் திட்டினான், அவள் கட்டைப் புரட்டினாள். உச்சிப்பொழுதுக்கு முன்னால் ஏரிக்கரையில் கூடை இறங்கியது. வடிவாச்சி கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு இலையைப் பாக்கு சுண்ணாம்போடு மென்றாள். வாய் சிவந்தது. இரண்டு தலைவர்களும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். மதகு திறந்தது.

கூட்டம் கலைந்தது. ஆனைக்குழி போனது, புளியந்துறை போனது. சாத்தப்பன் மட்டும் தன் ஆள் காரியோடு நின்றான். முப்பது ஊரைத் தலையில் சுமக்க முடியாது, எப்படியும் தன்னிடம்தான் வர வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும்.

அவள் நேற்றைய தாம்பாளத்தை எடுத்தாள். அதில் கறுத்த இலை இன்னும் இருந்தது. "வண்டி வேணும், சாத்தப்பரே. இல்லைன்னு சொல்லலை. ஆனா வண்டி நிறைஞ்சாலும் நிறையாட்டியும் கிளம்பணும். வண்டியோட என் ஆள் நடப்பான். கெட்டுப்போன இலைக்கு வண்டிக்காரரும் வாயைத் திறக்கணும். சம்மதம்னா இதுல ஒண்ணை மென்னுட்டுப் பேசுங்க."

சாத்தப்பன் இலையைப் பார்த்தான். எனக்கா என்பதுபோலச் சிரித்தான்.

காரி கையை நீட்டினான். ஒன்றை எடுத்து வாயில் போட்டு, முகத்தை எட்டுக் கோணலாக்கி மென்று விழுங்கினான். "கருவாடே மேல், ஆச்சி" என்றான். கூத்தன் சிரித்துவிட்டான். புது இலைக் கூடையைக் காரியின் தலையில் ஏற்றி, மூன்று பேருமாக அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

கேட்டீர்களா? சுமக்கிற தோளைக் கூலிக்கு அமர்த்தலாம், பதில் சொல்கிற வாயை மட்டும் யாரிடமும் கூலிக்கு விடக் கூடாது.

ஏரிக்கரையில் சாத்தப்பன் தனியாக நின்றான். அவள் கீழே வைத்துவிட்டுப் போன தாம்பாளத்தில் மிச்சம் கிடந்த கறுத்த இலையை ஒருமுறை குனிந்து பார்த்தான். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, தன் வழியே போனான்.