காவல் என்ற பெயரில்

திண்டுக்கல்லில், வீட்டை விட்டு வெளியேறிய பெண்களுக்கு உதவுகிற ஒரு சின்ன அலுவலகம். அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். எந்தப் பெண் எந்த ஊரில், யார் வீட்டில் மறைந்திருக்கிறாள் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

அலுவலகத்தை நடத்தும் ரெஜினா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டார். வீட்டிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்க வழி வேண்டும் என்று, அலுவலகத்தின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் சம்சாத்திடம் கேட்டார்.

சம்சாத்துக்கு முப்பத்திரண்டு வயது. அதே அலுவலகத்துக்குத் தினமும் வந்து அவரிடம் நெட்வொர்க் வேலை கற்றவர் பிச்சைமணி. வயது ஐம்பத்து நான்கு. முன்பு டெலிபோன் கம்பம் ஏறியவர். எந்தக் கம்பியைப் பார்த்தாலும், யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றும்.

"விபிஎன்னு இன்டர்நெட்ல ஒரு தனிப் பாதை போட்டா வெளியாள் யாரும் உள்ள பாக்க முடியாது, அண்ணே" என்றார் சம்சாத். "ரெஜினா லேப்டாப்புக்கு மட்டும் ஒரு டிஜிட்டல் சாவி. லேப்டாப் தொலைஞ்சா சாவியை அழிச்சுடலாம்."

"அவங்க வீட்டுல புருஷன் இருக்காரு டீச்சர். கொழுந்தன் இருக்கான். யாரு எப்படியோ!"

சம்சாத் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். சாவியை உருவாக்கச் சொன்னார். பிச்சைமணி உருவாக்கினார். சம்சாத் போன் பேச வெளியே போன நேரத்தில் இன்னொரு கணக்கையும் திறந்தார். உள்ளே யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று தன் போனிலிருந்தே பார்ப்பதற்கு. அதற்குச் சாவி வைக்கவில்லை, பாஸ்வேர்டு மட்டும்தான். 'காவல்' என்று பெயர் வைத்தார்.

அன்றிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் போனைப் பிடித்தபடியே சாப்பிட்டார். ரெஜினா வந்தார், போனார். மூன்றாம் நாள் மதியம், பழக்கமில்லாத இடத்திலிருந்து யாரோ உள்ளே வந்து ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போனது தெரிந்தது.

உடனே ரெஜினாவுக்குப் போன் போட்டார்.

"இப்ப உங்க லேப்டாப் யாரு கையில இருக்கு?"

"என் மடியில இருக்கு. ஏன் சார்?"

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

ரெஜினா சொன்னார்: "எட்டு வருஷமா அந்த அட்ரஸெல்லாம் என் தலைக்குள்ள இருக்கு சார். இதுவரைக்கும் ஒண்ணும் வெளிய போகல."

போனை வைத்துவிட்டார்.

பிச்சைமணி சம்சாத் வீட்டுக்கு ஓடினார். ரகசியக் கணக்கையும் மறைக்காமல் சொன்னார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் டீச்சர்! அந்தப் பொண்ணுங்க உயிரு இதுல இருக்கு. யாரைத்தான் நம்புறது?"

"வந்த ஆளு எந்தப் பேர்ல வந்தாரு, பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. நேரத்தையும் இடத்தையும் பார்த்த பதற்றத்தில் ஓடி வந்திருந்தார். இப்போது போனைத் திறந்து பார்த்தார்.

காவல்.

"நான் இல்ல டீச்சர். சத்தியமா நான் இல்ல."

"நான்தான். கணக்கு லிஸ்டுல நான் போடாத பேர் ஒண்ணு இருந்துச்சு. பூட்டு எப்படின்னு பாத்தேன்."

"பாஸ்வேர்டு?"

"மொதல்ல உங்க மக பேரைப் போட்டேன். அப்புறம் உங்க போன் நம்பர். மூணாவதா உங்க பைக் நம்பர். அட்ரஸ் வரைக்கும் தெறந்துக்கிச்சு."

பிச்சைமணியின் பைக் அலுவலக வாசலில்தான் நாள் முழுக்க நிற்கும். மனைவியைத் தேடி வந்து அந்த வாசலில் கத்திவிட்டுப் போகிற ஆண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கெட்ட எண்ணத்துல வைக்கல டீச்சர். அவங்க பாதுகாப்புக்குத்தானே கம்ப்யூட்டருக்குள்ள அந்த வாசலை வெச்சேன்?"

"வாசலுக்கு அது தெரியாதே, அண்ணே."