நான்கு முட்டைகளும் மூன்று யோசனைகளும்

தாமரை இலைகள் மூடிய ஒரு பெரிய குளத்தின் நடுவே, ஓர் இலைமேல் நெடுவாலன் என்ற இலைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தான். அவன் மார்புக்கு அடியில் நான்கு முட்டைகள் இருந்தன. இந்த இனத்தில் பெட்டை முட்டையிடும், சேவல் அடைகாக்கும். குஞ்சுகளை வளர்ப்பதும் சேவல்தான். அவனுடைய பெட்டை பொன்கழுத்தி, "பத்திரமாகப் பார்த்துக்கொள்!" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோயிருந்தாள்.

நெடுவாலனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. முட்டைகளைச் சேர்த்து அணைத்து உட்கார்ந்தால் அவன் மனம் நிறைந்துவிடும்.

ஒரு நாள் காலை நீர்க்காகம் ஒன்று பக்கத்து மூங்கில் கழியில் வந்து இறங்கியது. ஈரச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டே அவனைப் பார்த்துச் சிரித்தது.

"என்னடா தம்பி, வீட்டுக்காரி ஊர் சுற்றுகிறாள், நீ முட்டைமேல் குந்தியிருக்கிறாயா? ஆண்பிள்ளை செய்கிற வேலையா இது!"

"எங்கள் வழக்கம் அப்படி, அண்ணே."

"பெரிய வழக்கம்! எழுந்து வா. கிழக்கு மூலையில் கெண்டை துள்ளுகிறது. அடிக்கிற வெயிலில் முட்டை தானாகப் பொரியும்!"

தவளைகள் எல்லாம் சேர்ந்து சிரித்தன. நெடுவாலனுக்கு உடம்பு கூசியது. ஒருவேளை அண்ணன் சொல்வதுதான் சரியோ? எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்தான்.

அவன் எழுந்து நிற்பதை நாமக்கோழி பார்த்துவிட்டாள். கோரைக்குள் கூடு கட்டிப் பல குஞ்சுகளை வளர்த்தவள் அவள்.

"ஐயையோ, வெறும் இலைமேலா முட்டை வைத்திருக்கிறாய்! அதுவும் அழுகல் இலை! மேகம் கூடுவது தெரியவில்லையா? கோரைப் பக்கம் கொண்டுபோ, தம்பி!"

"இதோ, அக்கா!"

முட்டையை அலகுக்கும் மார்புக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பின்னோக்கி நடப்பது இலைக்கோழிகளின் முறை. நெடுவாலன் அப்படியே இரண்டு முட்டைகளை இழுத்துப்போய்க் கோரை ஓரத்து இலையில் வைத்தான். மூன்றாவதை இடுக்கியபோது ஒற்றைக்காலில் நின்ற நாரை தொண்டையைச் செருமியது.

"கோரையிலா? தண்ணீர்ப்பாம்பு குடித்தனம் நடத்துவதே அங்கேதானே! பிள்ளைகளை அதற்கு விருந்து வைக்கிறாயா? கரைக்குக் கொண்டு வா, மருமகனே!"

"அப்படியா, மாமா?"

நெடுவாலன் கரைப் பக்கம் திரும்பினான். பாதி வழியில் நின்றான். கரையில் கீரி நடமாடுமே! மாமாவுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறாரா? அப்படியானால் கோரையில் வைத்த இரண்டு? அவனுக்குத் தலை சுற்றியது. கையில்லாத பறவை யோசிக்க வேண்டுமானால் சுமையை இறக்கத்தான் வேண்டும். முட்டையை அங்கேயே ஒரு சின்ன இலையில் வைத்தான்.

இப்போது கோரைப் பக்கம் இரண்டு, கரைப் பக்கம் ஒன்று, பழைய இலையில் ஒன்று. உட்கார வேண்டியவனோ ஒருவன்!

இங்கே உட்கார்ந்தால் அங்கே முட்டை சில்லிட்டது. அங்கே ஓடினால் இங்கே காக்கை வட்டமிட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. சின்ன இலை சாய்ந்தது. அவன் ஓடி வருவதற்குள் முட்டை தண்ணீரில் விழுந்து மறைந்துவிட்டது.

"நான் கரைக்குத்தானே கொண்டு வரச் சொன்னேன்!" என்றது நாரை.

"கோரைக்குப் போயிருந்தால் இப்படி ஆகுமா?" என்றாள் நாமக்கோழி.

"அப்போதே என்னோடு மீன் பிடிக்க வந்திருக்கலாம்!" என்றது நீர்க்காகம்.

நெடுவாலன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். மூவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. ஆனால் முட்டை போனது அவனுக்குத்தான்.

"நான் ஏன் எழுந்தேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான். சிரித்தார்கள், எழுந்தேன். அதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. "எனக்கு என்ன வேண்டும்?" என்றும் கேட்டுக்கொண்டான். மிச்சமிருக்கும் மூன்றும் என் மார்புக்கு அடியில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது.

பழைய இலையைக் காலால் அழுத்திப் பார்த்தான். தண்ணீர் மேலே வந்தது. இலை அழுகல் என்று அக்கா சொன்னது உண்மைதான்! கோரையை உற்றுப் பார்த்தான். ஏதோ நெளிந்தது. மாமா சொன்னதும் உண்மைதான்! பக்கத்து இலைகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்து, அமிழாத தடித்த இலை ஒன்றைக் கண்டுபிடித்தான். மூன்று முட்டைகளையும் அங்கே சேர்த்து உட்கார்ந்தான்.

"நடுக்குளத்திலா? மழை கொட்டப்போகிறது, பைத்தியமா உனக்கு!" என்று மூவரும் கத்தினார்கள்.

"செய்வது சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இனி எழுந்திருக்க மாட்டேன்!" என்றான்.

மழை பிடித்துக்கொண்டது. சரிதானா, தப்பா என்று உள்ளே குழப்பம் தீரவில்லை. ஆனாலும் சிறகை இறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தான். இலை தாங்கியது.

சில நாட்களில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. நெடுவாலன் அவற்றைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டு இலைமேல் நடந்தான். குஞ்சுகளின் கால்கள் மட்டும் வெளியே தொங்கின.

"அடேயப்பா, எட்டுக்கால் பறவை!" என்று தவளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

நெடுவாலன் சிறகுகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு நடந்தான்.

யோசனை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொந்தக் கண்ணால் பார்த்து, சொந்த மனத்தைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியவர், அதன் பலனைச் சுமக்கப்போகிறவரே.