கண்ணாடி மண்டபத்து வடகம்

மருதங்குடி ராஜா முத்துவிசயருக்கு வடகம் என்றால் உயிர். மகள் கல்யாணம் நெருங்குகிற நேரம், மொட்டைமாடியில் காயப்போட்ட வடகத்தில் பாதியைக் காக்கை தின்றது. மீதியில் புழுதி விழுந்தது. ராஜாவுக்கு வந்ததே கோபம்!

"காக்கையும் புழுதியும் அண்டாமல், வெயிலையும் துளிகூட வீணாக்காமல் வடகம் காய ஒரு வழி சொல்லுங்கள்" என்றார் சபையில்.

மந்திரி திருவேங்கடம் சும்மா இருப்பாரா? சீனத்துக் கண்ணாடியில் ஒரு மண்டபமே கட்டிவிட்டார். ஊசி நுழைய இடமில்லை. விதூஷகர் சாத்தப்பன் செய்ததோ ஒரு மரப்பெட்டி. கண்ணாடி மூடி, உள்ளே கரி பூசிய தகடு, அடியில் காற்று நுழைய ஓட்டை, உச்சியில் புகைபோக்கி. அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை இரண்டிலும் வடகம் பிழிந்தார்கள்.

"பார்த்தீர்களா அரசே! உள்ளே வந்த வெயிலை ஓட்டை போட்டு வெளியே விடுகிறான். இவனை நாட்டைவிட்டே துரத்துங்கள்!" என்று குதித்தார் மந்திரி.

வெயில் ஏறியதும் ராஜா இரண்டையும் தொட்டுப் பார்த்தார். மண்டபம் கொதித்தது. பெட்டியில் அவ்வளவு சூடில்லை.

"மந்திரி சொல்வது சரிதான். சாத்தப்பா, மூட்டையைக் கட்டு!"

சாத்தப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு இனி எங்கே போவது? ஆனாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"போகிறேன் அரசே. அதற்கு முன் ஒரே ஓர் ஆசை. மந்திரியார் ஈர அங்கவஸ்திரத்தோடு தம் மண்டபத்துக்குள் போய், அதைக் காயவைத்துக் கொண்டுவரட்டும். என்னுடையதை நான் பெட்டியில் போடுகிறேன்."

"பூ, இவ்வளவுதானா!" மந்திரி மிடுக்காக உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடியெல்லாம் வியர்த்தது. ஆளையே காணோம். அப்புறம் உள்ளேயிருந்து தடதடவென்று தட்டும் சத்தம். "அடேய், கதவைத் திறங்கடா!"

திறந்தார்கள். அங்கவஸ்திரம் சொட்டியது. வேட்டி சொட்டியது. தலைப்பாகை, மீசை எல்லாம் சொட்டின. பின்னால் தட்டுகளில் வடகம் மறுபடி கூழாகிக் கிடந்தது.

சாத்தப்பன் பெட்டியிலிருந்து தம் அங்கவஸ்திரத்தை எடுத்து உதறினார். மொறமொறவென்று இருந்தது.

"சூடு உள்ளே வந்தால் போதுமா அரசே? ஈரம் வெளியே போக வேண்டாமா? நான் வெளியே விட்டது வெயிலை இல்லை, ஈரத்தை!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கைமோதிரத்தைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். "மூட்டையும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம், இங்கேயே இரு! அந்த மண்டபத்தை இப்போதே இடித்துத் தள்ளுங்கள்!"

"ஐயையோ, இடிக்காதீர்கள் அரசே!" என்று பதறினார் சாத்தப்பன். "கல்யாணத்துக்கு இட்லி அவிக்க வேண்டாமா?"