கரடி மேஸ்திரியின் தேனடைப் பரிசு

அந்தக் கோடையில் காட்டுக் குளம் அடியோடு வற்றிவிட்டது. குளத்தின் நடுவில் ஊற்றுக்குழி தோண்டினால்தான் மான்குட்டிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும். தோண்டும் வேலைக்குப் பொம்மையன் என்ற கரடியைச் சிங்கராஜா மேஸ்திரி ஆக்கினார்.

"மேஸ்திரி ஆனால் மட்டும் போதாது! ஆட்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும். போய்ப் படித்துவிட்டு வா!" என்று நாரை வாத்தியாரிடம் பயிற்சிக்கு அனுப்பினார்.

பொம்மையன் நல்லவன் என்றால் அப்படியொரு நல்லவன். எறும்பு வழுக்கி விழுந்தாலும் அவனுக்குக் கண் கலங்கிவிடும். பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டான். மண் விழுந்தால் தாங்கத் தலைக்குச் சுரைக்குடுக்கை. உச்சி வெயிலில் நிழலில் ஓய்வு. குழிக்குள் ஏறி இறங்க உறுதியான கொடி. கடைசியில் வாத்தியார், "பௌர்ணமியன்று வருவேன். ஒருவருக்கும் அடிபடாத குழியில் மயிலிறகு நட்டுவிட்டுப் போவேன்!" என்றார். அவ்வளவுதான், நம்ம ஆளுக்கு மற்றதெல்லாம் பாதியாகிவிட்டது, மயிலிறகு மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

அவனிடம் வேலை பார்த்தது மூன்று பேர். காட்டுப்பன்றி முனியன், முள்ளம்பன்றி குத்தாலம், பெருச்சாளி பேச்சி. அடி ஆழத்தில் மண் பறிப்பது பேச்சிதான்.

வந்ததும் வராததுமாகப் பொம்மையன் மூவரையும் கூப்பிட்டான்.

"ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லாம பௌர்ணமி வந்துட்டுன்னா, மலைத்தேன் ஒரு முழு அடை எடுத்துத் தாரேன்! ஆனா யாருக்காவது அடிபட்டுச்சோ, எனக்கு நெஞ்சு தாங்காது, சொல்லிட்டேன்!"

சொல்லிவிட்டுக் குழியின் விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அங்கே இருந்தால்தான் மூன்று பேரையும் கண் நிறையப் பார்க்க முடியும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். பாவம், அவ்வளவு பாசம்!

இரண்டாம் நாளே முனியன் காலில் கல் விழுந்தது. நொண்டிக்கொண்டு மேலே வந்தான்.

"என்னலே முனியா, கால இழுக்க?"

"ஆடிப் பாக்கேன் அண்ணாச்சி! தண்ணி வந்தா ஆடணும்லா!"

பொம்மையன் கைதட்டிச் சிரித்தான். அப்புறம் குத்தாலத்துக்கு முதுகில் அடிபட்டு ஒரு கொத்து முள் உடைந்தது. "வெயிலுக்கு முடி வெட்டிக்கிட்டேன் அண்ணாச்சி!" என்றான் அவன். பொய் சொல்ல வேண்டும் என்று யாருக்கு ஆசை? தேன் போனால் போகிறது, அண்ணாச்சி அழுவாரே என்றுதான் இருவருக்கும் கவலை.

ஒருநாள் பேச்சியின் தலைக்கு மேலே குழியின் கரையில் வெடிப்பு விட்டது. கட்டி கட்டியாக மண் உதிர்ந்தது. தலையில் குடுக்கை இருந்ததால் தப்பித்தாள். பதறிப்போய் மேலே ஏறினாள்.

"அண்ணாச்சி, வந்து..."

"என்ன தாயி? அடிகிடி பட்டுட்டா?" பொம்மையனின் உதடு அப்போதே துடிக்க ஆரம்பித்துவிட்டது.

"ஐயோ, இல்ல அண்ணாச்சி! தாகமா இருக்கு, அதான்!" என்று பேச்சி மழுப்பினாள். வீட்டில் அவளுக்கு நாலு குஞ்சுகள். போகும்போது வெடிப்பைப் பார்க்காமல் பார்வையைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள்.

பௌர்ணமி வந்தது. நாரை வாத்தியார் காலையிலேயே மயிலிறகோடு வந்துவிட்டார். பொம்மையனைக் காணோம். தேன் எடுக்கப் போயிருந்தான். கொஞ்ச நேரத்தில் தேனடையோடு வந்தான். வழியில் ஒரு விரல்கூட நக்கவில்லை. கரடிக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் நடையில் ஒரு நொண்டல். முகத்தைத் தேக்கிலையால் மறைத்திருந்தான்.

வாத்தியார் இலையை விலக்கினார். ஒரு கண்ணே தெரியவில்லை, தேனீ கொட்டி அப்படி வீங்கியிருந்தது.

"என்னய்யா இது?"

"ஒண்ணுமில்ல வாத்தியாரே! கன்னத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கு!"

முனியனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணாச்சி! நீங்களும் மறைக்கியளா?"

"நீங்களும்னா?" என்றான் பொம்மையன். "அப்போ வேற யாருலே மறைச்சது?"

முனியன் காலைக் காட்டினான். குத்தாலம் முதுகைத் திருப்பினான். பொம்மையனின் கையிலிருந்து தேனடை நழுவி விழுந்தது.

"பேச்சிக்கு? பேச்சிக்கு என்ன ஆச்சு?"

"அவளுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல அண்ணாச்சி," குத்தாலம் தயங்கினான். "ஆனா கரை வெடிச்சிருக்காம். நீங்க தினமும் உக்காருத இடத்துக்கு நேர் கீழ. உங்க பாரம் தாங்கல போல."

"அவ எங்க இப்போ?"

"உள்ளதான் இருக்கா!"

பொம்மையன் குழியைப் பார்த்து ஒரே ஓட்டம் எடுத்தான். முனியன் குறுக்கே விழுந்து மறித்தான். "கிட்டப் போகாதீங்க! நீங்க மிதிச்சா கரை அவ மேலயே விழும்!"

பொம்மையன் அப்படியே நின்றான். ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்று துடித்தவன், ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினான்.

"பேச்சி! எதிர்க்கரைக் கொடியப் பிடிச்சு மேல வா!"

"இன்னும் ரெண்டு கை மண்ணுதான் அண்ணாச்சி! ஈரம் தெரியுது!"

"தண்ணி கிடக்கட்டும் தாயி! நீ வா! இப்பவே வா!"

அப்படி ஒரு குரலைப் பேச்சி கேட்டதே இல்லை. கொடியைப் பற்றி எதிர்க்கரையில் ஏறினாள். அவள் வால் வெளியே வந்த நொடியில் இந்தப் பக்கத்துக் கரை 'தொம்' என்று சரிந்தது. பாதிக் குழி மூடிக்கொண்டது.

பொம்மையன் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல தாயி?"

"சொல்லத்தான் வந்தேன் அண்ணாச்சி. உங்க மூஞ்சியப் பாத்தேன். மனசு வரல."

"என் மூஞ்சிக்காகவா நீ அந்தக் குழிக்குள்ள போன!"

நாரை வாத்தியார் மயிலிறகைச் சிறகுக்குள் ஒளித்துக்கொண்டார். "நான் இதைக் காட்டியிருக்கவே கூடாது," என்று முணுமுணுத்தார்.

மறுநாள் மறுபடி தோண்ட ஆரம்பித்தார்கள். கரையைச் செங்குத்தாக விடாமல் சரிவாக வெட்டினார்கள். இறங்கும் முன் பொம்மையன் மூவரையும் நிறுத்தினான்.

"நேத்து எது உங்களப் பயமுறுத்துச்சு? சொல்லிட்டு இறங்குங்க. நான் அழ மாட்டேன்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சிதான் வாய் திறந்தாள்.

"கொடி நடுவுல இத்துப்போச்சு அண்ணாச்சி. நேத்து ஏறும்போதே நரநரன்னுச்சு."

பொம்மையனுக்குக் கண் கலங்கத்தான் செய்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "சொன்னியே, மகராசி! புதுக்கொடி கட்டாம இன்னைக்கு ஒருத்தரும் இறங்கக் கூடாது!" என்றான். கட்டி முடிக்க மத்தியானம் ஆனது. தண்ணீர் வரவும் சில நாள் தாமதமானது. ஆனால் மான்குட்டிகள் குடிக்க வந்தபோது, தோண்டிய மூவரும் கரையில் நின்று பார்த்தார்கள்.

அடிபட்டதையும் ஆபத்தையும் பயமில்லாமல் வந்து சொல்ல முடிகிற இடம்தான் பத்திரமான இடம். அப்படிச் சொல்ல வைப்பதே வேலை வாங்குகிறவரின் முதல் வேலை.